பறவை தொலைவில்லை

பத்து லட்ச ரூபாய் லென்ஸ் இல்லாதவர்கள் பறவைகளைப் படமெடுக்க ஆசைப்படலாமா? தாராளமாக. ஆனால் கடைக்குள் நுழையும் முன் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குள் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மகாராஜா காலத்து வாத்து வேட்டைகளின் வரவு செலவு அது. எந்தத் தேதியில் யார் கௌரவத்துக்காக வேட்டை நடந்தது, எத்தனை பறவைகள் விழுந்தன என்று வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். 1938 நவம்பர் 12ஆம் தேதிக்கு நேரே உள்ள எண் 4,273. அன்றைய விருந்தாளி வைஸ்ராய் லின்லித்கோ பிரபு.

இப்போது குளிர்காலக் காலை வேளைகளில் அதே ஏரிக் கரையில் வேறொரு கூட்டம் வரிசை கட்டி நிற்கிறது. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகச் சாயம் போட்ட சட்டை, மங்கி குல்லா, தோளில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். பனிமூட்டம் விலகி வண்ண நாரைகள் இறக்கையை உலர்த்தத் தொடங்கியதும் ஷட்டர்கள் படபடக்கின்றன. பறவைகள் பறந்து போகின்றன, மறுநாளும் வருகின்றன.

இந்த வரிசையிலும் ஒரு வர்ண பேதம் உண்டு. வெள்ளை லென்ஸ்காரர்கள், கறுப்பு லென்ஸ்காரர்கள். கேனன் கம்பெனி தன் விலையுயர்ந்த டெலிபோட்டோ லென்ஸ்களுக்கு வெள்ளைப் பூச்சு தருகிறது. முக்காலியில் நிற்கும் பெரிய வெள்ளைக் குழாய் ஒன்று வரிசைக்குள் வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தங்களை அறியாமல் ஓரடி நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். கேமரா வாங்கும்போது கூடவே கிடைத்த சின்ன ஜூம் லென்ஸோடு வந்திருப்பவரைப் பார்த்து யாரும் நகர்வதில்லை. அவர் படம் எடுக்கிறார், கேமராவின் திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறார், புள்ளி புள்ளியாகத் தெரியும் சாரஸ் கொக்கைக் கண்டு பெருமூச்சு விடுகிறார். ஊர் திரும்பிய அன்றே லென்ஸ் விலை விசாரிக்க ஆரம்பிக்கிறார்.

டில்லி ராமகிருஷ்ணபுரத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர் அப்படித்தான் ஆரம்பித்தார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை, வயது 52. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஓக்லா, மாதச் சம்பளம் வந்தால் சுல்தான்பூர், வருஷத்துக்கு ஒருமுறை பரத்பூர். கையில் இருப்பது ஒரு பழைய கேனன் கேமராவும் 55-250 மி.மீ. ஜூம் லென்ஸும். வீட்டில் ஒப்புதல் கிடைத்த தொகை ரூ. 70 ஆயிரம். மகளின் ஹாஸ்டல் கட்டணம் போக மிஞ்சியது அதுதான், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று வீட்டம்மா சொல்லிவிட்டார். அந்தத் தொகையில் என்ன கிடைக்கும் என்று பார்க்க அவரோடு இரண்டு மாதம் அலைந்ததில் தெரிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி.

முதலில், பெரிய வெள்ளைக் குழாய்க்கு ஏன் அந்த விலை? 600 மி.மீ. குவிய தூரமும் எஃப் 4 அப்பர்ச்சரும் கொண்ட லென்ஸ் இன்று பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. எஃப் 4 என்றால், குவிய தூரத்தை நான்கால் வகுத்தால் வரும் விட்டத்துக்கு லென்ஸுக்கு வாய் இருக்க வேண்டும். 600ஐ நான்கால் வகுத்தால் 150 மி.மீ. அதாவது சாப்பாட்டுத் தட்டில் பாதிக்கு மேல் அகலமுள்ள கண்ணாடியைக் குறையில்லாமல் கடைந்தெடுக்க வேண்டும். எஃப் 6.3 போதும் என்றால் 95 மி.மீ. வாய் போதும். இரண்டுக்கும் வித்தியாசம் உள்ளே நுழையும் வெளிச்சத்தில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. விலையில் பத்து மடங்குக்கும் மேல். அந்த இரண்டரை மடங்கு வெளிச்சமும், பறவைக்குப் பின்னால் உள்ள புதரெல்லாம் வெண்ணெயாகக் கரைந்துபோகும் அழகும், கண் சிமிட்டுவதற்குள் போகஸ் ஆகும் வேகமும் பிழைப்புக்காகப் படமெடுப்பவருக்குத் தேவைப்படலாம். ஞாயிற்றுக்கிழமைக்காரருக்கு?

இங்கே வார்த்தை பற்றி ஒரு சிறு விலகல். லென்ஸுக்குத் தமிழில் வில்லை என்று பெயர் உண்டு. டெலிபோட்டோ லென்ஸை அந்த வழியில் 'தொலைவில்லை' என்று மொழிபெயர்த்துவிடலாம் என்று பல நாள் ஆசை. ஆனால் அச்சில் அது 'தொலைவு இல்லை' என்றும் படிக்கப்படும். யோசித்துப் பார்த்தால் டெலிபோட்டோ செய்யும் காரியமும் அதுதான். இருந்தாலும் கடையில் போய்க் கேட்டால் புரியாது. கடைக்காரருக்குப் புரிகிற சொல்லையே இங்கும் வைத்துக்கொள்வோம்.

எத்தனை மி.மீ. வேண்டும் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. இதற்கு விடை பத்தாம் வகுப்புக் கணக்கில் இருக்கிறது. பறவையின் நீளத்தை லென்ஸின் குவிய தூரத்தால் பெருக்கி, பறவை நிற்கும் தூரத்தால் வகுத்தால், சென்சார் மீது விழும் பிம்பத்தின் அளவு தெரிந்துவிடும். ஓக்லாவில் கம்பியில் உட்கார்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 28 செ.மீ. அது 15 மீட்டரில் இருக்கிறது, உங்களிடம் 300 மி.மீ. லென்ஸ். பிம்பம் 5.6 மி.மீ. நம் பெரும்பாலோர் கையில் உள்ள ஏ.பி.எஸ்.-சி வகை கேமராவின் சென்சார் சுமார் 23.5 மி.மீ. அகலம். ஆக, படத்தின் அகலத்தில் கால் பாகம் மீன்கொத்தி. சுற்றிலும் வெட்டினால் நல்ல படம். அதே தூரத்தில் தையல்சிட்டு, 13 செ.மீ. என்றால், ஒன்பதில் ஒரு பங்குதான் தேறும். அடையாளம் தெரியும், அலகின் வளைவு தெரியாது. மாறாக ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரும் சாரஸ் கொக்கு 60 மீட்டர் தள்ளி நின்றால்கூட அதே 300 மி.மீ. லென்ஸில் படத்தின் உயரத்தில் பாதியை நிரப்பிவிடும். பரத்பூரில் பெருமூச்சு விட்டவரின் கொக்கு அதற்கும் வெகு தூரத்தில் நின்றிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் சேதி ஒன்று உண்டு. குவிய தூரத்தை இரட்டிப்பாக்குவதும் தூரத்தைப் பாதியாக்குவதும் ஒரே பலனைத் தருகின்றன. முதலாவதற்குப் பணம் வேண்டும். இரண்டாவதற்கு வேண்டியது பொறுமை. அது இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இன்னொரு செலவையும் இந்தக் கணக்கு மிச்சமாக்குகிறது. பெரிய சென்சார் உள்ள 'ஃபுல் பிரேம்' கேமராவுக்கு மாறினால்தான் தரமான படம் என்று கடையில் ஆசை காட்டுவார்கள். பறவை விஷயத்தில் பட்ஜெட்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். இரண்டுமே 24 மெகாபிக்சல் என்றால், ஒரே லென்ஸில், சின்ன சென்சாரில்தான் பறவை மீது அதிகப் புள்ளிகள் விழுகின்றன, இரண்டு மடங்குக்கும் கூடுதலாக. கேமராவுக்குப் போகும் பணத்தை லென்ஸில் போடுவதே புத்திசாலித்தனம்.

சாதனக் குறைவு சாதனையைத் தடுப்பதில்லை என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்னோடி இருந்தார். மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். சென்னையில் இருந்துகொண்டு 1950 முதல் 1996ல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றிய பத்தி எழுதியவர். தமிழிலும் எழுதினார். வெவ்வேறு கருவிகளிலிருந்து சேர்த்த பாகங்களைப் பொருத்தித் தனக்கென ஒரு கேமராவை உருவாக்கிக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் சூட்டினார். அதில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் பார்க்கச் சலிப்பதில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த அந்த நாளில் நல்ல லென்ஸ் வேண்டுமென்றால் சிங்கப்பூரில் உறவினர் இருக்க வேண்டும். இன்று பணம் இருந்தால் போதும். எவ்வளவு பணம் என்பதுதான் பிரச்னை.

அந்தப் பிரச்னையில் ஒரு திருப்பம் 2013ன் கடைசியில் வந்தது. ஜப்பானின் டாம்ரான் கம்பெனி 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றை அறிவித்தது. அடுத்த ஆண்டு சிக்மா அதே அளவில் இரண்டு லென்ஸ்களைக் கொண்டுவந்தது. 1,930 கிராம் எடையுள்ள 'கன்டெம்பரரி', 2,860 கிராம் எடையுள்ள 'ஸ்போர்ட்'. 2015ல் நிக்கான் தன் பங்குக்கு 200-500 மி.மீ., எஃப் 5.6 லென்ஸை இறக்கியது. அதுவரை 600 மி.மீ. என்பது பணக்காரர்களின் எண்ணாக இருந்தது. அதன் பிறகு வங்கிக் குமாஸ்தாக்களும் பள்ளி ஆசிரியர்களும்கூடக் கடன் வாங்கியாவது எட்டிப் பிடிக்கக்கூடிய எண்ணாகிவிட்டது. இந்தியாவில் பறவைப் படங்கள் இவ்வளவு பெருகியதற்கு இந்த மூன்று கம்பெனிகளின் போட்டியும் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது இரண்டாவது திருப்பம். கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' கேமராக்களுக்கு உலகம் மாறிக்கொண்டிருக்கிறது. புதிய கேமராக்களுக்கென்றே சோனி 200-600 (2019), நிக்கான் 180-600 (2023), கேனன் 200-800 (2023) என்று லென்ஸ்கள் வந்திருக்கின்றன. மூன்றுமே அருமையானவை. மூன்றுமே ரூ. 1.5 லட்சத்துக்குக் குறையாதவை. வசதி உள்ளவர்கள் அவற்றுக்குத் தாவும்போது தங்கள் பழைய டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்களைக் கழித்துக் கட்டுகிறார்கள். அவர்கள் கழிப்பதுதான் நமக்குக் கிடைக்கும் சீதனம். புதிதாக வாங்கினால் லட்சத்தை ஒட்டி நிற்கும் சிக்மா 150-600 கன்டெம்பரரி, பழையதாகக் கணிசமாகக் குறைந்த விலையில் கைமாறுகிறது. புதிதாக 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்டி வாங்கியவர் முதல் ஆளாக நஷ்டப்படட்டும், நாம் இரண்டாவது ஆளாக இருப்போம் என்பது அற்பத்தனமான யோசனைதான். ஆனால் நல்ல யோசனை.

நண்பரின் பட்டியலில் கடைசிவரை நின்றவை மூன்று. முதலாவது, மேலே சொன்ன சிக்மா. இரண்டாவது, கேனனின் 400 மி.மீ. எஃப் 5.6. இது 1993ல் வந்த லென்ஸ். ஜூம் கிடையாது. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் 'ஸ்டெபிலைசர்' கிடையாது. மூன்றரை மீட்டருக்குள் வரும் பறவை மீது போகஸ் ஆகாது. இத்தனை கிடையாதுகளுக்குப் பிறகும் பறக்கும் பறவைகளைப் படமெடுப்பவர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். காரணம், எடை 1,250 கிராம்தான், போகஸ் சட்டென்று பிடிக்கும், முழு அப்பர்ச்சரிலேயே படம் கத்தியாக இருக்கும். புதிதாகக் கிடைப்பதில்லை, பழையதுதான். மூன்றாவது, 2021ல் வந்த கேனன் ஆர்.எஃப். 100-400. வெறும் 635 கிராம். விலையும் அடக்கம். ஆனால் மிரர்லெஸ் கேமராவில்தான் பொருந்தும், ஆகவே கேமராவையும் மாற்ற வேண்டும். 400 மி.மீ.யில் அதன் அப்பர்ச்சர் எஃப் 8, அதாவது எஃப் 5.6ல் கிடைக்கும் வெளிச்சத்தில் பாதி. ரூ. 70 ஆயிரத்தில் இரண்டும் அடங்காது என்பதால் அது முதல் சுற்றிலேயே விழுந்தது. பணம் கொஞ்சம் கூட இருந்து, புதிதாக ஆரம்பிப்பவராகவும் இருந்தால் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். நாள் முழுக்கச் சுமக்கக்கூடிய லென்ஸ்தான் நாள் முழுக்கப் படம் எடுக்கும்.

எடை விஷயத்தைக் கடையில் யாரும் சரியாக எடைபோடுவதில்லை. இரண்டு கிலோ லென்ஸை ஏ.சி. அறையில் இரண்டு நிமிஷம் தூக்கிப் பார்ப்பது வேறு. அதையே கேமராவோடு சேர்த்து மூன்று கிலோவாக, கழுகு திரும்பி வருமா என்று அண்ணாந்து பார்த்தபடி பத்து நிமிஷம் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு. முக்காலி இருக்கிறதே என்பார்கள். சிலிகாவிலும் மங்களஜோடியிலும் படகில் போகிறவர்களுக்கு முக்காலியால் பிரயோஜனம் இல்லை. படகின் ஆட்டத்தை அது அப்படியே லென்ஸுக்கு ஏற்றிவிடும். பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்த ஒரு பை, அதற்குள் போகிற ஊரின் மளிகைக் கடையில் வாங்கிய இரண்டு கிலோ அரிசி, இதைப் படகின் விளிம்பிலோ ரிக்‌ஷாவின் கைப்பிடியிலோ வைத்து மேலே லென்ஸைக் கிடத்தினால் ஆயிரக்கணக்கில் விலையுள்ள முக்காலித் தலை செய்யும் வேலையைச் செய்யும். திரும்பும்போது அரிசியை ரிக்‌ஷாக்காரர் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

ஸ்டெபிலைசர் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், பறவையின் துடிப்பை அல்ல. பறக்கும் ஆலாவை நிறுத்திப் பிடிக்க 2,000ல் ஒரு பங்கு வினாடி ஷட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் கை நடுங்கினாலும் படத்தில் தெரியாது. ஆகவே பறக்கும் பறவைதான் உங்கள் ஆசை என்றால், ஸ்டெபிலைசர் இல்லாத பழைய லென்ஸைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மாறாக, சத்தால், தட்டேக்காடு போன்ற காடுகளில் இருட்டுப் புதருக்குள் அசையாமல் உட்காரும் பறவைகள்தான் வேண்டும் என்றால் அது பெரிய வரப்பிரசாதம். அங்கே வெளிச்சம்தான் பஞ்சம். 2020ல் கேனன் வெளியிட்ட 600, 800 மி.மீ. எஃப் 11 லென்ஸ்கள் எடையிலும் விலையிலும் அதிசயமானவை, 600ன் எடை 930 கிராம்தான். ஆனால் எஃப் 11 என்பது எஃப் 5.6ல் நுழையும் வெளிச்சத்தில் நான்கில் ஒரு பங்கு. பரத்பூர் வெயிலில் ராஜா, காட்டுக்குள் குருடு. படத்தின் குருணையை நீக்கும் கம்ப்யூட்டர் மென்பொருள்கள் இந்தச் சில ஆண்டுகளில் வெகுவாக முன்னேறிவிட்டதால் முன்பு தூக்கிப்போட்ட படங்கள்கூட இப்போது தேறுகின்றன. ஓரளவுக்குத்தான்.

லென்ஸே மாற்ற வேண்டாத ரகமும் ஒன்று உண்டு. 2015ல் நிக்கான் பி 900 வந்தபோது பெரிய லென்ஸ்காரர்கள் சிரித்தார்கள். 83 மடங்கு ஜூம், 2,000 மி.மீ. லென்ஸுக்குச் சமமான நெருக்கம், எல்லாம் ஒரே டப்பாவுக்குள். 2018ல் வந்த பி 1000 அதை 3,000 மி.மீ. வரை கொண்டுபோனது. இதன் சூட்சுமம் குட்டி சென்சார். ஏ.பி.எஸ்.-சி சென்சாரின் பரப்பில் பதின்மூன்றில் ஒரு பங்குகூட இராது. நல்ல வெயிலில், உட்கார்ந்திருக்கும் பறவையை, இது என்ன பறவை என்று தெரிந்துகொள்ள எடுக்கும் படத்துக்கு இதைவிட மலிவான வழி இல்லை. பறக்கும் பறவைக்கும் மாலை மங்கலுக்கும் உதவாது.

இந்த 'என்ன பறவை' படத்தை ஏளனமாக நினைக்கக் கூடாது. 'ஸ்டேட் ஆஃப் இண்டியாஸ் பேர்ட்ஸ்' என்ற 2023 அறிக்கை 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்துத் தயாரிக்கப்பட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 குறைந்துகொண்டு வருகின்றன என்று அது சொல்கிறது. இந்தப் பதிவுகளைத் தந்தவர்கள் பெரும்பாலும் நம் நண்பரைப் போன்றவர்கள். வழக்கத்துக்கு மாறான ஒரு பறவையைப் பார்த்ததாக ஒருவர் பதிவு செய்தால் ஆதாரம் கேட்கிறார்கள். அங்கே மங்கலான ஒரு படம் மணி மணியான பத்து வர்ணனைகளைவிட உதவும். லென்ஸ் விலை குறைவது பொழுதுபோக்குக்காரர்களின் சந்தோஷத்துக்கு மட்டுமான விஷயமல்ல.

டில்லி சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி என்ற சந்து இருக்கிறது. சந்து முழுக்க கேமராக் கடைகள். மும்பைக்காரர்களுக்கு போரா பஜார் எப்படியோ அப்படி. எதிரே வருகிறவருக்கு வழிவிட ஒருவர் கடைக்குள் ஏறி நிற்க வேண்டிய இந்தச் சந்தில்தான் நண்பரின் வேட்டை ஆரம்பமானது. பில்லுடன் ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். பில் இல்லாத சரக்குக்குக் கம்பெனி உத்தரவாதம் கிடையாது என்பதைச் சொல்வதில்லை. நுட்பமான மோட்டார்களும் சர்க்யூட்டுகளும் நிறைந்த ஒரு கருவியை அப்படி வாங்கி மிச்சம் பிடிக்கும் பணம், முதல் ரிப்பேரிலேயே கரைந்துவிடும்.

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு டார்ச்சும் பையில் தங்கள் சொந்தக் கேமராவும் இல்லாமல் போகக் கூடாது. அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தூசி இருக்கும், பரவாயில்லை. சிலந்தி நூல் போலக் கிளை விட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. கழுவித் தருகிறேன் என்பார்கள். கழுவலாம், ஆனால் கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் சரியாகாது, மறுபடியும் வரவும் கூடும். திருகாணிகளின் தலை சிராய்த்திருந்தால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். சுவரில் ஒரு செய்தித்தாளை விரித்து மாட்டி எடுத்துப் பார்த்தால் நான்கு மூலையும் ஒரே மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது, எங்கோ கீழே விழுந்த லென்ஸ். ஜூமின் இரு கோடியிலும், அருகிலும் தொலைவிலும் போகஸ் ஆகிறதா என்று கடைக்கு வெளியே வந்து எதிர் மாடிப் புறாவை வைத்துச் சோதிக்க வேண்டும். சாந்தினி சௌக்கில் புறாவுக்குப் பஞ்சமில்லை.

பொருத்தம் பார்ப்பது அதைவிட முக்கியம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் என்றால் லென்ஸுக்கு இரண்டு மூன்றாவது பார்க்க வேண்டும். நிக்கானின் பழைய லென்ஸ்கள் சிலவற்றுக்கு உள்ளே மோட்டார் கிடையாது. டி 3000, டி 5000 வரிசைக் கேமராக்களில் அவற்றை மாட்டினால் கையால்தான் போகஸ் செய்ய வேண்டும். நிக்கானின் மிரர்லெஸ் கேமராவில் கம்பெனியின் சொந்த அடாப்டர் வழியாகப் போட்டாலும் அதே கதைதான். மலிவாகக் கிடைக்கிறது என்று அப்படி ஒன்றை வாங்கிப் பறக்கும் பறவையைத் துரத்துவது வீண். சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் புதிய கேமராக்களோடு ஒத்துப்போக உள்ளே இருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டி வரும். சிக்மாவுக்கும் 2016ல் வந்த இரண்டாம் தலைமுறை டாம்ரானுக்கும் இதை வீட்டிலேயே செய்யத் தனிச் சாதனம் உண்டு. டாம்ரானின் முதல் தலைமுறைக்குக் கிடையாது, சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். இதையெல்லாம் விற்பவர் சொல்ல மாட்டார். கேட்டாலும் எல்லாம் ஓடும் என்பார்.

இந்தச் சந்தில் நண்பர் பார்த்த முதல் 400 மி.மீ. லென்ஸ் வெளியே புதுக்கருக்கோடு மின்னியது. விலையும் பட்ஜெட்டுக்குள் இருந்தது. பர்ஸ் வெளியே வந்துவிட்டது. டார்ச் அடித்தபோது உள்ளே ஓரத்தில் மூன்று கிளைகளாகப் பூஞ்சை. கடைக்காரர் உடனே ஐயாயிரம் குறைத்தார், பிறகு எட்டாயிரம். நண்பர் பர்ஸை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு டம்ளர் டீயைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை.

பொறுமை இல்லாதவர்கள் தூரத்தைப் பாதியாக்க என்ன செய்கிறார்கள் என்று முன்பு கேட்டேன் அல்லவா? பறவையை நோக்கி நடக்கிறார்கள். சின்ன லென்ஸின் உண்மையான விலையைச் சில சமயம் பறவைதான் கொடுக்கிறது. கூட்டுக்கு முன்னால் இலைகளை ஒடித்து வெளிச்சம் ஏற்படுத்துவது, செல்போனில் ஆண் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு எல்லைச் சண்டைக்கு இழுப்பது, ஓய்வெடுக்கும் வாத்துக் கூட்டத்தை 'பறக்கும் படத்துக்காக' எழுப்பிவிடுவது எல்லாம் நடக்கிறது. வெயிலில் முட்டையை விட்டு எழும் பறவை சில நிமிஷம் தாமதித்தாலும் முட்டை வெந்துவிடும். பெரிய லென்ஸ்காரர்களும் இதைச் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம். இப்போது பல புகைப்படப் போட்டிகளும் பறவைக் குழுக்களும் கூட்டில் எடுத்த படங்களை ஏற்பதில்லை.

நல்ல செய்தி, பறவையே நெருங்கி வரும் இடங்கள் இந்த நாட்டில் நிறைய உண்டு. லென்ஸுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை ரயில் டிக்கெட்டுக்குச் செலவழித்தால் பல சமயம் லாபம். ஒரிஸாவில், இன்றைய ஒடிசாவில், சிலிகா ஏரியின் வடகரையில் உள்ள மங்களஜோடி ஒரு காலத்தில் பறவை வேட்டைக்குப் பெயர் போன கிராமம். 2000த்தை ஒட்டி வேட்டைக்காரர்களே காவலர்களாக மாறினார்கள். இன்று அவர்கள்தான் மூங்கில் கழியால் சத்தமில்லாமல் படகைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். மூக்கான்களும் நீலத் தாழைக்கோழிகளும் படகைப் பொருட்படுத்துவதில்லை. அங்கே 300 மி.மீ. தாராளம், 600 மி.மீ. வைத்திருப்பவர் கால் மட்டும் விழுந்த படத்தோடு திரும்பக்கூடும். சத்தாலிலும் தட்டேக்காட்டிலும் மறைவிடங்கள் அமைத்து நாள் கட்டணம் வாங்குகிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்குச் சில மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் காட்டுப் பறவைகள் தாமாகக் குளிக்க வருகின்றன. டில்லியில் குளிர்காலத்தில் நிகம்போத் காட் அருகே யமுனையில் கடற்புறாக்கள் தலையை உரசிக்கொண்டு பறக்கும். அங்கே கேமராவோடு வந்த சின்ன லென்ஸே அதிகம். படகுக்காரர்கள் காராசேவு வீசி அவற்றைக் கூப்பிடுவது பறவைகளின் வயிற்றுக்கு நல்லதல்ல. படம் எடுப்பவர்கள் பொட்டலம் வாங்காமல் இருந்தாலே போதும்.

எந்த லென்ஸாலும் ஆகாத ஒன்று உண்டு, வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து எழும் கானல். ரண் பாலைவனத்திலும் தால் சாப்பரிலும் பத்து மணிக்கு மேல் நூறு மீட்டர் தள்ளி நிற்கும் பறவை பத்து லட்சத்து லென்ஸிலும் தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளியும். நீண்ட லென்ஸ் கானலையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது. படம் கலங்கலாக இருக்கிறது என்று லென்ஸை விற்றுவிட்டு அடுத்த லென்ஸ் தேடுபவர்களில் சிலர் விற்க வேண்டியது லென்ஸை அல்ல, காலை எட்டு மணித் தூக்கத்தை.

நண்பர் கடைசியில் வாங்கியது 400 மி.மீ. எஃப் 5.6தான். சந்தில் அல்ல. நொய்டாவில் மிரர்லெஸுக்கு மாறிய ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவரிடம், அசல் பில்லோடு, பேசிய தொகைக்குள்ளேயே. சிக்மாவின் 600ஐ விட்டுக்கொடுத்ததற்கு அவர் சொன்ன காரணம் தோள்பட்டை வலி. ஓக்லாவில் முதல் ஞாயிற்றுக்கிழமை எடுத்த 600 படங்களில் 11 தேறின. ஒரு சேற்றுப் பூனைப்பருந்து, இறக்கை மேலே தூக்கியபடி, கண் கூர்மையாக. மகளுக்கு அனுப்பியிருக்கிறார்.

மிச்சப் பணத்தில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லும், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் வந்திருக்கின்றன. டப்பா ஃபிரிட்ஜின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் அது 55ஐத் தாண்டினால் ஜெல்லை வாணலியில் போட்டு இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி டப்பாவுக்குள் வைக்க வேண்டும். அந்த வாணலியைத் தனியாக வாங்கிக்கொள்ளும்படி வீட்டம்மா சொல்லிவிட்டார்.